ஒரிஜினல் சர்டிபிகேட் முதலாளியிடம், புது வேலைக்கான ஆஃபர் என்னிடம்: நான் எப்படி வெளியே வருவது?

(வாசகியின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கிறார் இந்த வாசகி. வயது 23. பி.காம். முடித்தவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி. அப்பாவுக்கு அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம். அம்மா மகளிர் குழுக் கடனுக்கு வாராவாரம் தவணை கட்டுகிறார். தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். பத்து மாதங்களுக்கு முன்பு மதுரை காளவாசல் அருகே, கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் சேர்ந்தார். மொத்தம் 24 பேர் வேலை செய்யும் இடம். சம்பளம் 14,000 ரூபாய். பி.எஃப். 1,680, இ.எஸ்.ஐ. 105 பிடித்ததுபோகக் கைக்கு வருவது 12,215. அதில் 8,000 வீட்டுக்கு. மிச்சம் பஸ்ஸுக்கும் போன் ரீசார்ஜுக்கும் போக, மாதக் கடைசியில் அம்மாவிடமே இருநூறு முன்னூறு திருப்பி வாங்குகிறாராம்.

காலை ஆறரைக்கு டவுன் பஸ், உசிலம்பட்டியிலிருந்து மதுரை பஸ், காளவாசலில் இறங்கி நடை. மாதம் 11, 20 தேதிகளை ஒட்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாட்களில் அலுவலகத்தை விட்டுக் கிளம்பவே ஒன்பது தாண்டிவிடும். ஊருக்குக் கடைசி டவுன் பஸ் போயிருக்கும். தம்பி பக்கத்து வீட்டு வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு உசிலம்பட்டி வந்து நிற்பான்.

சேரும்போது பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், கல்லூரி மதிப்பெண் பட்டியல், புரொவிஷனல் ஆகியவற்றின் ஒரிஜினல்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் வேலை செய்ய வேண்டும், இடையில் போனால் 1 லட்சம் தர வேண்டும், விலகிய பிறகு ஒரு வருடம் மதுரையில் வேறு கணக்கு அலுவலகத்தில் சேரக் கூடாது என்று 20 ரூபாய் பத்திரத்தில் பாண்டு. அதில் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தொகையும் தேதியும் எழுதாமல் வாசகி கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்றும் வாங்கியிருக்கிறார்கள். பாண்டின் நகல் கிடையாது, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் கிடையாது.

இப்போது வடபழஞ்சி ஐ.டி. பார்க்கில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 21,000 ரூபாய்க்கு வேலை கிடைத்திருக்கிறது. ஒரு மாதத்துக்குள் சேர வேண்டும், ஒரிஜினல் சரிபார்க்க வேண்டும் என்கிறார்கள். பழைய முதலாளியிடம் கேட்டதற்கு, "ஒரு லட்சத்த வச்சிட்டு சர்டிபிகேட்ட எடுத்துட்டுப் போ. இல்லைன்னா செக்கப் போட்டு கோர்ட்டுக்கு இழுப்பேன், உங்கப்பாவும் சேர்ந்துதான் வரணும்" என்று பதில் வந்திருக்கிறது. அம்மா குழுவில் இன்னொரு கடன் வாங்கி, சங்கிலியையும் அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார். தம்பி, "20 ரூபாய் பத்திரம்லாம் செல்லாதுக்கா, போகாம நின்னுரு" என்கிறான். தோழி, சர்டிபிகேட் தொலைந்துவிட்டதாகப் போலீசில் எழுதிக் கொடுத்து நகல் வாங்கச் சொல்கிறார். சித்தப்பா, "ஐகோர்ட் பெஞ்சுல ஒரு ரிட் போட்டா ஒரே நாள்ல குடுத்துருவான்" என்கிறார். "ஜெயிலுக்குப் போக வேண்டி வருமா?" என்பது வாசகியின் முதல் கேள்வி.

அன்புத் தங்கைக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாண்டை மீறி வேலையை விட்டதற்காக யாரும் உங்களைக் கைது செய்ய முடியாது. அது பணம் தொடர்பான உரிமையியல் விவகாரம். முதலாளி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாலும், இதற்காக உங்கள் அப்பாவைத் தோட்டத்திலிருந்து கூட்டிப்போய் உட்காரவைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. இதை இன்று இரவே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, நீங்கள் பயப்படும் வரிசையும் உண்மையான ஆபத்தின் வரிசையும் தலைகீழாக இருக்கின்றன என்பதுதான். பாண்டுக்கு அதிகம் பயப்படுகிறீர்கள். செக்கைப் பற்றி இரண்டே வரி. கடைசிப் பத்தியில், "இது பெருசா ஒண்ணும் இல்ல" என்ற முன்னுரையோடு ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். நான் மிகக் கவலையோடு படித்தது அதைத்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

சர்டிபிகேட் யாருடையது?

உங்களுடையது. நீங்கள் சம்மதித்துக் கொடுத்திருந்தாலும், கையெழுத்துப் போட்டு ஒப்படைத்திருந்தாலும் உங்களுடையதுதான். தர வேண்டிய பணத்துக்கு ஈடாகக் கல்விச் சான்றிதழை ஒரு முதலாளி பிடித்து வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் உரிமை தரவில்லை. சான்றிதழ் விற்று வாங்கும் சரக்கு அல்ல, அதன்மேல் பிடிப்புரிமை கிடையாது என்று கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாண்டு செல்லுமா செல்லாதா என்பது தனி வழக்கு. அது செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும் பணத்துக்குத்தான் அவர் வழக்குப் போட முடியும்.

தோழி சொன்ன யோசனையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். சர்டிபிகேட் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே தொலைந்துபோனதாகப் புகார் கொடுப்பது, அரசு ஊழியரிடம் தெரிந்தே பொய்த் தகவல் தருவதாகும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றம் அது. இதுவரை தவறெல்லாம் முதலாளியின் பக்கம் இருக்கிறது. இந்த ஒரு புகாரால் அது உங்கள் பக்கம் வந்துவிடும்.

சித்தப்பாவின் யோசனையில் ஆபத்து இல்லை, ஆனால் பலனும் இல்லை. ரிட் மனு பொதுவாக அரசுக்கும் அரசு அமைப்புகளுக்கும் எதிராகப் போடுவது. ஒரு தனியார் கணக்கு அலுவலகத்தின் மேல் ரிட் கேட்டு ஒத்தக்கடைப் பக்கம் உள்ள உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனால், கீழமை நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டணமும் நாளும்தான் போகும்.

செய்ய வேண்டியது இதுதான். சான்றிதழ்களின் பெயர், பதிவு எண், ஒப்படைத்த தேதி எல்லாம் குறிப்பிட்டு, ஏழு நாட்களுக்குள் திருப்பித் தரும்படி ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதுங்கள். மெயிலிலும் அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடும் அனுப்புங்கள். (பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலேயே ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. கவுன்டரில் தேடி அலைய வேண்டாம்.) கடிதத்தில் கோபம் வேண்டாம், பாண்டைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். பதில் வராவிட்டால் அடுத்த படி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஆணைக்குழு இருக்கிறது. அலைச்சல் வேண்டாம் என்றால் உசிலம்பட்டி நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிலேயே மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம். வழக்குப் போடுவதற்கு முந்தைய மனுவாக இதை எடுத்துக்கொண்டு இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். அப்படி ஓர் அழைப்பு போனதுமே சர்டிபிகேட்டைக் கொடுத்துவிடும் முதலாளிகள் நிறையப் பேர். ஊருக்கெல்லாம் வரிக் கணக்கு எழுதுகிற அலுவலகத்துக்கு நீதிமன்ற முத்திரையோடு கடிதம் வருவது அவ்வளவு ருசிக்காது.

அதற்கும் மசியவில்லை என்றால் நம்பிக்கை மோசடி என்று போலீசில் புகார் கொடுக்கலாம். சிவில் மேட்டர் என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். மனு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

அந்த 1 லட்சம்

தம்பி சொல்வதில் பாதி தவறு. பதிவு செய்யாத 20 ரூபாய் பத்திரம் என்பதாலேயே ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. முத்திரைக் கட்டணம் குறைவு என்றால் நீதிமன்றத்தில் அபராதத்தோடு கட்டிச் சரிசெய்துகொள்ள முடியும். 'பாண்டு எதுவுமே செல்லாது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியும் சரியில்லை. மூன்று வருடம் முடிக்காமல் விலகினால் 2 லட்சம் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்று சொல்லியிருக்கிறது.

ஆனால் அந்த வங்கிக்கும் உங்கள் அலுவலகத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. இந்தியா முழுவதும் விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தி, அதிகாரிகளை எடுக்கும் பொதுத்துறை நிறுவனம் அது. ஒருவர் இடையில் விலகினால் அந்தச் செலவு முழுவதும் மறுபடி ஆகும் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. உங்கள் விஷயத்தில், 'முதல் பதினைந்து நாள் ஒரு அக்கா டேலியும் ஆபீஸ் சாப்ட்வேரும் சொல்லிக் கொடுத்தாங்க' என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியிலிருந்து பயிற்சியாளர் இல்லை, கட்டணம் இல்லை, அந்த நாட்களிலும் உங்களிடம் பில் என்ட்ரி வேலை வாங்கியிருக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் தரும். 14,000 சம்பளத்துக்கு 1 லட்சம் என்பது ஏழு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அதை நியாயப்படுத்த அவர் ரசீது காட்ட வேண்டியிருக்கும்.

மீதிப் 14 மாதமும் இங்கேயே வேலை செய் என்று உங்களைக் கட்டாயப்படுத்தி எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. விலகிய பிறகு மதுரையில் வேறு கணக்கு அலுவலகத்தில் சேரக் கூடாது என்ற வரி, அதே சட்டத்தின் 27-வது பிரிவின் முன் நிற்காது. அந்த வரியை நினைத்து ஒரு நிமிடம்கூட வீணாக்காதீர்கள்.

அப்பா கையெழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்பது முக்கியம். 'சாட்சி' என்ற இடத்தில் என்றால் அவருக்கு ஒரு பொறுப்பும் இல்லை. 'ஜாமீன்தாரர்' என்ற இடத்தில் என்றால் பொறுப்பு உண்டு, ஆனால் உங்களுடைய பொறுப்பு எவ்வளவோ அவ்வளவுதான். பாண்டின் நகலை மெயிலில் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பும் உங்களுக்கு ஓர் ஆதாரம்தான்.

அம்மா குழுக் கடன் வாங்கவே கூடாது. சங்கிலியை அடகு வைக்கவும் கூடாது. இதில் நான் இரண்டு பக்கமும் எடைபோட்டுப் பேசப்போவதில்லை. வாராவாரம் தவணை கட்டுகிற ஒரு வீடு, சட்டப்படி உறுதியாகாத ஒரு தொகைக்காகக் கடனுக்குமேல் கடன் ஏற்றிக்கொள்ள எந்த அவசியமும் இல்லை.

வேறொரு சமரசத்துக்கு நான் எதிரி இல்லை. நோட்டீஸ் காலத்துக்கு ஈடாக ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, சான்றிதழ், செக், பாண்டு மூன்றையும் அதே மேஜையில் வைத்துத் திருப்பித் தருகிறேன், பாக்கி எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டும் தருகிறேன் என்று அவர் சொன்னால், ஒப்புக்கொள்வதில் தவறில்லை. சட்டப்படி ஜெயிக்கக்கூடிய வழக்கும் இரண்டு மூன்று வருடம் இழுக்கும். புது வேலையில் மாதம் 7,000 கூடுதலாக வரப்போகிறது, இரண்டு மாதத்தில் ஈடாகிவிடும். 'அப்புறம் தர்றேன்' என்று சொன்னால் மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

செக் விஷயத்தில் கவனம்

இங்கேதான் குற்ற வழக்கின் வாசல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுத் தானாகக் கொடுத்த செக்கில் மீதி விவரங்களை வேறொருவர் நிரப்பினாலும், அது ஒரு கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும். 2019-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படிக் கடன் எதுவும் இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் செக் கொடுத்தவர் தலையில் விழும். காட்ட முடியும். ஆனால் அதற்கான ஆதாரத்தை இப்போதே உண்டாக்கி வைக்க வேண்டும்.

வங்கிக் கணக்கையே மூடிவிட்டால் போதும் என்று நினைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். கணக்கு மூடப்பட்டது என்று செக் திரும்பினாலும் செக் மோசடிக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்குப் போடலாம். போதாததற்கு, ஏமாற்றும் எண்ணத்தில் மூடியதாக வேறு சொல்வார்கள்.

செக் எண்ணைக் குறிப்பிட்டு முதலாளிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று பாதுகாப்புக்காக என்று கேட்டு, தொகை நிரப்பாமல் வாங்கப்பட்ட செக் இது, உங்களுக்கு நான் எந்தக் கடனும் தர வேண்டியதில்லை, திருப்பித் தாருங்கள் என்று நான்கு வரி போதும். அந்தக் கடிதத்தின் நகலை இணைத்து, பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, கிளையின் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். இதனால் வழக்கே வராது என்று உறுதி சொல்ல முடியாது. வந்தால் உங்களைக் காப்பாற்றப்போகும் காகிதங்கள் இவைதான்.

ஒருவேளை அவர் செக்கைப் போட்டு, அது திரும்பினால், 30 நாளுக்குள் உங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். பணம் கட்ட 15 நாள் அவகாசம் இருக்கும். நோட்டீஸைத் தபால்காரரிடம் திருப்பி அனுப்பிவிட்டால் தப்பிக்கலாம் என்று ஊரில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். வாங்குங்கள், அந்த 15 நாளுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள். வீட்டில் அம்மா அப்பா இருவரிடமும், நீலமோ காக்கியோ எந்த கவரும் வந்தால் உடனே போன் செய்யும்படி சொல்லி வையுங்கள்.

பிடித்த பணம் எங்கே போனது?

சம்பளச் சீட்டில் பத்து மாதமாக 1,680 பிடித்திருக்கிறார்கள், ஆனால் யு.ஏ.என். நம்பர் (பி.எஃப். கணக்குக்கான அடையாள எண்) இதுவரை தரவில்லை என்கிறீர்கள். அரசின் உமங் செயலியில் ஆதாரை வைத்து உங்களுக்கு யு.ஏ.என். உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாஸ்புக்கைத் திறந்து மாதாமாதம் வரவு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பங்கு 1,680 என்றால் முதலாளியும் அதே 12 சதவீதம் போட வேண்டும். தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவதை நம்பிக்கை மோசடியாகவே சட்டம் பார்க்கிறது. சொக்கிகுளம் லேடி டோக் கல்லூரி சாலையில் உள்ள பி.எஃப். அலுவலகத்தில் சம்பளச் சீட்டோடு புகார் கொடுக்கலாம், ஆன்லைனிலும் கொடுக்கலாம்.

இ.எஸ்.ஐ.யும் அப்படித்தான். அப்பாவின் முதுகுவலிக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் 6,000 செலவானது என்று எழுதியிருந்தீர்கள். பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெற முடியும். எத்தனையோ பிள்ளைகள் மாதாமாதம் கட்டிக்கொண்டே இது தெரியாமல் இருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. 'சர்டிபிகேட்டக் குடுங்க, இல்லைன்னா பி.எஃப்.ல புகார் பண்ணுவேன்' என்று மட்டும் மெசேஜ் போட்டுவிடாதீர்கள். புகார் கொடுப்பது உங்கள் உரிமை. அதைக் காட்டி மிரட்டியதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் அவர் கையில் போய்ச் சேர வேண்டாம்.

கடைசிப் பத்தியில் எழுதியது

ரிட்டர்ன் நாட்களில் எல்லாரும் கிளம்பிய பிறகு மேலாளர் உங்களை மட்டும் இருக்கச் சொல்கிறார். பைக்கில் கொண்டு விடுகிறேன் என்கிறார். இரவு பதினோரு மணிக்கு, 'தூங்கியாச்சா, போட்டோ அனுப்பு' என்று மெசேஜ் வருகிறது. இரண்டு மாதத்துக்கு முன்பு ஒருநாள் தோளில் கைவைத்தார், நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். 'வேலையை விடப்போறேன், அதனால விட்டுட்டேன்' என்று முடித்திருக்கிறீர்கள்.

இது பெரிய விஷயம்தான். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், விருப்பமில்லாத தொடுதலும், விருப்பமில்லாத பாலியல் நோக்குள்ள பேச்சும் செய்தியும் புகாருக்குரியவை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண் ஒருவர் தலைமையில், பாதிக்குக் குறையாமல் பெண்களும் வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் உள்ள உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். 24 பேர் உள்ள உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்கிறீர்கள். அமைக்காமல் விட்டதற்கே 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. குழு இல்லையென்றால், அல்லது புகார் முதலாளியின் மேலேயே என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார் குழுவுக்குப் போகலாம். கலெக்டர் அலுவலக வளாகத்தில் சமூகநல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

காலக்கெடுதான் இங்கே முக்கியம். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். வேலையை விட்ட பிறகும் தரலாம், அதனால் ராஜினாமா இதற்குத் தடை இல்லை. புகார் கொடுப்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஊரில் பேச்சு வரும், கல்யாணப் பேச்சு எடுக்கும்போது யாராவது கிளறுவார்கள் என்ற பயம் உங்கள் வரிகளிலேயே தெரிகிறது. அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. விசாரணை விவரங்களையும் புகார் கொடுத்தவரின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள், அவரை பிளாக் செய்வதற்கு முன் தேதி தெரியும்படி எல்லாவற்றையும் படமெடுத்து உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். தோளில் கைவைத்த நாளைப் பற்றி, யார் முன்பே கிளம்பினார்கள், நீங்கள் எந்த பஸ்ஸில் போனீர்கள் என்பதுவரை இன்றே எழுதி வையுங்கள்.

சர்டிபிகேட்டைத் திருப்பித் தருகிறோம், இதை வெளியே சொல்லாதே என்று பேரம் வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இதில் சமரசம் என்பது நீங்களாகக் கேட்டால் மட்டும்தான், அதுவும் பணத்தின் அடிப்படையில் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

மிச்சமிருக்கும் நாட்களில் இரவு எட்டு மணிக்குமேல் இருக்காதீர்கள். கடைகளையும் நிறுவனங்களையும் 24 மணி நேரமும் திறந்து வைக்க 2022-ல் தமிழ்நாடு அரசு அனுமதி கொடுத்த ஆணையிலேயே, பெண்களை எட்டு மணிக்குமேல் வேலை வாங்க எழுத்துப்பூர்வ சம்மதமும், பாதுகாப்பும், போக்குவரத்து வசதியும் வேண்டும் என்று இருக்கிறது. நீங்கள் சம்மதம் எழுதிக் கொடுத்ததில்லை. 'எட்டு மணிக்குக் கிளம்புகிறேன் சார்' என்று அலுவலக குரூப்பில் எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கிளம்பும் விதம்

சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ராஜினாமா மெயில் ஒன்று, சர்டிபிகேட் கடிதம் ஒன்று, செக் கடிதம் ஒன்று, மூன்றையும் ஒரே நாளில் அனுப்புங்கள், ஆனால் தனித்தனியாக அனுப்புங்கள். ஒரே கடிதமாக எழுதினால், 'பாண்டுப் பணத்தைக் கட்டினால் எல்லாம் தருகிறோம்' என்று ஒரே வரியில் பதில் போட்டு மூன்றையும் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். ராஜினாமாவில் ஒரு மாத நோட்டீஸ் என்று எழுதுங்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் துறையில் இருக்கும் பிள்ளைகள் மறந்துவிடுகிற ஒன்று: கடைக்காரர்களின் ஜி.எஸ்.டி. பதிவில் ஓ.டி.பி. வருவதற்கு உங்கள் செல்போன் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். எந்தெந்தக் கடைக்கு என்று பட்டியல் எழுதி, நம்பரை மாற்றச் சொல்லி மெயில் போடுங்கள். நாளைக்கு அந்தக் கணக்கில் ஏதாவது கோளாறு என்றால் முதல் போன் உங்களுக்குத்தான் வரும். பாஸ்வேர்டு, பைல் எதையும் உங்கள் பென் டிரைவில் கொண்டுபோகாதீர்கள். ஒப்படைத்த வேலைகளுக்கு ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

ரிலீவிங் லெட்டர் தர மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாதச் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரமும், சம்பளச் சீட்டுகளும், ராஜினாமா மெயிலும் பெரும்பாலான இடங்களில் போதும்.

வடபழஞ்சி நிறுவனத்தின் எச்.ஆரிடம் எதையும் மறைக்காதீர்கள். முந்தைய இடத்தில் ஒரிஜினல் இருக்கிறது, எழுத்தில் கேட்டிருக்கிறேன், இதோ நகல் என்று சொல்லுங்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை டிஜிலாக்கரில் எடுக்க முடியும், அதற்கு ஒரிஜினலுக்குச் சமமான மதிப்பு உண்டு. பட்டச் சான்றுக்குப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லலாம். சேரும் தேதியைப் பதினைந்து நாள் தள்ளித் தர முடியுமா என்று இந்த வாரமே மெயிலில் கேட்டுவிடுங்கள். அங்கேயும் ஒரிஜினலைக் கையில் வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால், பார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.